மீசை வைத்த மிஸ்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கு என் முழங்கால் நீங்கலாக அனைத்தும் நலம். அங்கு தாங்களும் அக்காவும், தங்கள் கடையில் ஆணி முதல் தாழ்ப்பாள் வரை சகலமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. மழலையர் வகுப்புக்கு வாத்தியாராகப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "அது பொம்பளைங்க வேலைடா, பேசாம வந்து கடையில உக்காரு" என்று தாங்கள் சிரித்தீர்கள். அன்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்று அதே கடையில் ஒரு ஸ்டூல் காலியாக இருக்கிறதா என்று கேட்கவே இக்கடிதம்.

இந்தப் பள்ளியில் ஆண் வாத்தியார் நான் ஒருவன்தான். முதல் நாள் ஒரு தாய் வந்து, "மிஸ் எங்கே?" என்றார். "நான்தாம்மா" என்றேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. பாட்டு சொல்லித்தருகிற ஆள் மிஸ். நான் மீசை வைத்த மிஸ். அதைக்கூடப் பொறுத்துக்கலாம் அத்தான், ஆனா நான் 'அ' எழுத ஆரம்பிச்சு சுழி முடியறதுக்குள்ள ஆயாம்மா வாசல்ல வந்து நிக்கறாங்க, "சார், ஸ்டாஃப் ரூம் பீரோவை நகர்த்தணுமாம்." நகர்த்திட்டு வந்தா எங்கேயோ ஃபேன் சுத்தலையாம். அப்புறம் தண்ணி கேன். அப்புறம் பல்லி. பல்லின்னா எனக்குக் குலை நடுங்கும்னு உங்களுக்கே தெரியும். "ஆம்பளை நீங்க இருக்கறப்ப எங்களுக்கென்ன பயம்"னு மூணாங்கிளாஸ் டீச்சர் விளக்குமாத்தை என் கையில திணிச்சுட்டு நாற்காலி மேல ஏறிட்டாங்க. நானும் ஏறினேன். இருந்தது ஒரே நாற்காலி. முழங்கால் போன கதை அதுதான். நொண்டிக்கிட்டு வகுப்புக்கு வந்தா, பிள்ளைங்க ஒண்ணா சேர்ந்து என் மேஜையைத் தள்ளிக்கிட்டிருக்குதுங்க. பீரோ விளையாட்டாம்!

இதுக்கு நடுவுல ஒரு கான்ட்ராக்டர் அப்பா ஸ்கூல் கேட்டுல என்னை மடக்கினார். "என் பையனைச் சொப்பு வச்சு சமைக்க விடறீங்களாமே? நாளைக்கு அவன் இன்ஜினியராக வேணாமா?" "இன்ஜினியருக்கும் பசிக்கும்ல சார்"னேன். மனுஷன் முறைச்சுட்டு நேரா தலைமையாசிரியை அம்மாகிட்ட போயி, "சின்னப் பிள்ளைங்களை வச்சுக்க ஆம்பளைக்குப் பொறுமை ஏதுங்க? ஒரு மிஸ்ஸைப் போடுங்க"ன்னுட்டார். அந்தம்மாவும் பெற்றோர் கூட்டத்துல கை தூக்கச் சொல்லி முடிவு பண்ணிக்கலாம்னுட்டாங்க.

உள்ளதைச் சொல்றேன் அத்தான், எனக்கு இந்த வேலைன்னா உசிரு. ஒரு வாண்டுப்பொண்ணு முதல்தடவையா சுழி போட்டுட்டு, என் சட்டையைப் பிடிச்சு இழுத்து சிலேட்டைக் காட்டுச்சு பாருங்க, அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கலை, அவ்வளவு சந்தோஷம். ஆனா நாலு பேர் நடுவுல நான் வேணாம்னு ஆயிட்டா, அதைத் தாங்கற தெம்பு எனக்கில்ல. அதுக்குள்ள நானே விலகிடறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். மருமக்களுக்கு ஆளுக்கொரு முத்தம். ஸ்டூல் கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது, முழங்கால் மடங்க மறுக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை அன்றே கேட்டிருக்க வேண்டிய மைத்துனன்

பி.கு.: இதைத் தபால்ல போடறதுக்குள்ள கூட்டம் முடிஞ்சுடுச்சு. முதல்ல பிள்ளைங்களை மேடை ஏத்தி, பெரியவங்களானா என்ன ஆவீங்கன்னு கேட்டாங்க. கான்ட்ராக்டர் முன்வரிசையில நெஞ்சை நிமிர்த்தி உக்காந்திருந்தார். அவர் மகன் மைக்கைப் பிடிச்சு, "நான் மிஸ் ஆவேன். மீசை வச்ச மிஸ்!"னான். கூட்டமே கொல்லுன்னு சிரிச்சுது. அப்பா முகத்துல ஈயாடலை. உடனே நம்ம சிலேட்டு வாண்டு மைக்கைப் பிடுங்கி, "நான் பீரோ தூக்குவேன். எங்க மிஸ் கிளாஸ்லயே இருக்கட்டும்"னா. எனக்குக் கண்ணு நெறஞ்சுடுச்சு அத்தான். சார் இருக்கணும்ங்கறவங்க கை தூக்குங்கன்னதும் ஒவ்வொரு கையா எழும்புச்சு. கான்ட்ராக்டர் கை மட்டும் மடியிலயே கெடந்துச்சு. மகன் மேடையிலேருந்து இறங்கி ஓடிப்போய் அதைப் பிடிச்சுத் தூக்கிட்டான். அவரும் இறக்கலை.

ஸ்டூலை வேற யாருக்காவது குடுத்துடுங்க. பீரோ தூக்க இனிமே டீச்சருங்க எல்லாரும் வர்றதா பேச்சு. பல்லிக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கலை. நீங்க ஆம்பளைதானே அத்தான், ஒரு நடை வந்துட்டுப் போறீங்களா?