கடைசிப் பக்கம் வரை படிக்கிறவள்

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் லைப்ரரியை உலகத்துக்குக் கொடுத்தே தீருவது என்று சபதம் செய்தேன். இது பதினோராவது சபதம். முதல் சபதத்துக்கு மனைவி கைதட்டினாள். இந்தத் தடவை கேரட் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

லைப்ரரி என்றதும் அலமாரி, புத்தகம், 'சத்தம் போடாதீர்கள்' போர்டு என்று போய்விடாதீர்கள். கீழ் வீட்டுக்காரர் அப்படித்தான் போய், பழைய வார இதழ்களை நாலு கட்டு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இது கம்ப்யூட்டர் சமாசாரம். மலை மாதிரி ஒரு கணக்கைக் கொடுத்தால், அதைத் துண்டு போட்டு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எட்டு மூளைகளுக்கும் பங்கிட்டு, ஒரே நேரத்தில் செய்யவைத்து, விடையைச் சேர்த்துத் தரும். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

மூன்று வருஷ உழைப்பு. அந்த மூன்று வருஷமும் எங்கள் சாப்பாட்டு மேஜை என் கம்ப்யூட்டர், ஒயர், காகிதக் குவியல் வசம். நாங்கள் சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறவர்கள் மாதிரி ஒரே திசையைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

"இது வெளியானதும் மேஜை உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"மேஜையை வச்சு நான் என்ன பண்ண? அதுக்கு அந்தப் பக்கம் நீங்க உக்காரணும். உங்க மூஞ்சியைப் பார்த்துச் சாப்பிட்டு மூணு வருஷமாச்சு."

"மூஞ்சி அப்படியேதான் இருக்கு."

"தெரியும். ஆனாலும் பார்க்கணும்."

அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் என் எட்டு மூளைகளில் இரண்டு ஒரே எண்ணில் கை வைத்து, விடையை நாசமாக்கிக்கொண்டிருந்தன. இரண்டு மாதம் முட்டிக்கொண்டேன். ஒருநாள் சூப்பில் நானும் உப்புப் போட்டேன். எனக்குத் தெரியாமல் அவளும் போட்டாள். ஒரு வாய் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இதானே உங்க பிரச்சினை? இனிமே ஒரே ஸ்பூன். ஸ்பூன் யார் கையில இருக்கோ அவங்கதான் பாத்திரத்தைத் தொடலாம். ருசி பார்த்து, உப்பைப் போட்டு, அப்புறம் ஸ்பூனைக் குடுக்கணும். அதுவரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும்."

நான் ஆம்பளை இல்லையா? "ம்ம், யோசிக்கலாம்" என்றேன். சூப் ஆறுவதற்குள் அதை அப்படியே விதியாக லைப்ரரியில் எழுதிச் சேர்த்துவிட்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

சரி, சபதத்துக்கு வருவோம். சனிக்கிழமை மத்தியானம் வந்துவிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பயம். நாலு பேர் சிரித்தால்கூடப் பரவாயில்லை. யாருமே எட்டிப் பார்க்காவிட்டால்? வெளியிடாத வரைக்கும் அது உலகத்திலேயே தலைசிறந்த லைப்ரரி. வெளியிட்ட மறுநாள், மூன்று வருஷம் வீணாய்ப் போனது எல்லோருக்கும் தெரிந்துவிடும். முக்கியமாக, சோபாவில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரிந்துவிடும்.

ஆக, சாக்கு வேண்டும். வேகம் போதாது, கூட்டுகிற வரிசை மாறினால் விடையின் கடைசித் தசம எண் மாறுகிறது, முகப்புப் படத்தின் நீலம் சரியில்லை என்று பத்துச் சாக்கு தீர்ந்துபோயிருந்தது. பதினோராவதாக எனக்குக் கிடைத்தது, லைப்ரரியோடு சேர்த்து வெளியிட நான் எழுதிவைத்திருந்த கையேடு. மனைவியிடம் அதைக் கொடுத்து, படிப்படியாக லைப்ரரியை ஓட்டச் சொன்னால், பாவம், மூணாவது படியிலேயே திணறுவாள். "பார்த்தியா, கையேடு சரியில்ல. ஆறு மாசம் ஆகும்" என்று பெருமூச்சு விடலாம். குற்றமும் என் மேல் இல்லை. என்ன மூளை எனக்கு!

ஞாயிறு காலை அவளை மேஜை முன்னால் உட்காரவைத்தேன்.

"நீதான் முதல் ஆள். இதுல எழுதியிருக்கிறதை எழுத்துப் பிசகாம செய். சொந்த மூளையை உபயோகிக்கவே கூடாது."

"கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தானே ஓடுது?"

"எங்கே நின்னுபோகுதோ அங்கே குறிச்சு வை."

"தப்பு இருந்தா திருத்தலாமா?"

"தாராளமா."

"நிக்கவே இல்லைன்னா?"

"நிக்கும்."

"நிக்கலைன்னா?"

"கடைசி வரைக்கும் போ" என்றேன் பெருந்தன்மையாக.

பால்பாயின்ட் பேனாவின் மூடியைக் கழற்றி, முதல் படிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். நான் முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பினேன். கடைக் கண்ணாடியில் ஏமாந்த முகத்தை நாலைந்து தடவை ஒத்திகை பார்த்தேன். "எங்கேயாவது வலிக்குதா சார்?" என்று முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்தால், மேஜையைக் காணோம். அதாவது, மேஜை இருந்தது. ஒயர் இல்லை, காகிதம் இல்லை. துணி விரித்து, எதிரெதிரே இரண்டு தட்டு. கம்ப்யூட்டர் சோபாவில் உட்கார்ந்திருந்தது.

"எந்தப் படியில நின்னுச்சு?" என்றேன், ஒத்திகை பார்த்த முகத்தோடு.

"நாலாவதுல. அஞ்சாவதா செய்ய வேண்டியதை நாலாவதா எழுதியிருந்தீங்க. மாத்தினேன், ஓடிச்சு. ஒன்பதாவதுல 'இது எல்லோருக்கும் தெரிந்ததே'ன்னு இருந்துது. எனக்குத் தெரியல. உங்க பழைய நோட்டைப் பார்த்துப் பதினாறு வரி எழுதி, கம்ப்யூட்டர்ல இருக்கிற கையேட்டுலயும் சேர்த்தேன். அப்புறம் அங்கங்கே தட்டிக் கொட்டினேன். இருபத்தி மூணோட கணக்கு முடிஞ்சு விடை வந்துது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்."

"அடுத்த பக்கமா?"

அடுத்த பக்கம் என் சொந்தக் குறிப்பு! வெளியிடும் நாளன்று நான் செய்யவேண்டிய நாலு படிகள். மறந்துவிடாமல் இருக்கக் கையேட்டின் கடைசியிலேயே போட்டுவைத்திருந்தேன். எந்த மனுஷன் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிப்பான்? எங்கள் தொழிலில் முதல் பக்கத்தையே யாரும் தாண்டுவதில்லை. ஆனால் ஒரு படி விட்டால் ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவே மாறிப்போகும் இடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் இவள். அது என் மண்டையில் உறைக்கவில்லை.

"இருபத்தேழாவது படி..." என்றேன்.

"'வெளியிடு.' செஞ்சாச்சு." டிக்கைக் காட்டினாள்.

"ஐயோ! அது 'நிச்சயமா?'ன்னு கேட்டிருக்குமே!"

"கேட்டுச்சு. நீங்கதான் சொந்த மூளையை உபயோகிக்கக் கூடாதுன்னீங்க. சரின்னுட்டேன்."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த நாற்காலி.

"காலையில நீங்க கிளம்பினப்பவே தெரியும், நான் நின்னுபோகணும்னுதான் குடுத்தீங்கன்னு" என்றாள். "உங்களா பயம் தெளிஞ்சு வெளியிடுவீங்கன்னு காத்திருந்தா எனக்குப் பல்லு போயிடும். அப்புறம் மேஜையில என்னத்தைச் சாப்பிடறது?"

நான் தட்டை நேராக்கி வைத்தேன்.

"இருபத்தேழுக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்துதுங்க." குரல் தழைந்தது.

இருந்தது. யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதிய வரி. 'இந்த லைப்ரரியைக் காப்பாற்றிய ஸ்பூன் என் மனைவியுடையது. மூன்று வருஷம் சோபாவில் சாப்பிட்ட அவளுக்கு இது.'

"என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமில்ல?"

"கூச்சமா இருந்துது."

"அதான் ஊருக்கே சொல்லிட்டேன்" என்றாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சூப்பை ஊற்றினாள். நல்ல மனைவி கிடைத்திருக்கிறாள் என்று வாய்விட்டே சொன்னேன். "இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து சோபாவிலிருந்து 'டிங்' என்றது. முன்பின் தெரியாத யாரோ எழுதிய முதல் கடிதம்! கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவளின் மடியில் வைத்து, அவளையே படிக்கச் சொன்னேன்.

"'ஐயா, ஆற்று வெள்ளம் எவ்வளவு உயரும் என்று கணக்குப் போட உங்கள் லைப்ரரியை எடுத்தேன். இவ்வளவு தெளிவான கையேட்டை நான் பார்த்ததே இல்லை. ஒன்பதாவது படி பிரமாதம். அதை எழுதியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.'" நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். "'லைப்ரரியில்தான் மூன்று தப்பு இருக்கிறது.'"

"மூணா! எங்கே? குடு, இப்பவே சரி பண்ணிடறேன்!" துள்ளி எழுந்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஸ்பூனை உயர்த்திப் பிடித்தாள்.

"ஸ்பூன் யார் கையில இருக்கு?"

நான் எழுதிய விதி. உட்கார்ந்து காத்திருந்தேன்.