ஒரு ஜுரமும் யாழினியின் இடது காதும்

மூன்றாம் ஷிப்ட் பார்க்கிறவனிடம் இன்று என்ன கிழமை என்று மட்டும் கேட்கக் கூடாது. எங்கள் ஒரகடம் கம்பெனியில் வியாழன் இரவு உள்ளே போனால், மறுநாள் காலை வீடு போய்ப் படுக்கும்வரை வியாழன்தான். பஞ்ச் மெஷின் அப்படித்தான் சொல்லும், நாங்களும் அப்படித்தான் பேசுவோம். (நடுவில் சூரியன் உதிப்பது எங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.) இந்தப் பழக்கத்தால்தான் என் அக்கா மகளின் காது கோணிப்போனது.

விவகாரம் ஒடிசாவில் ஆரம்பித்தது. என்னோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் மானஸ் தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தான். மலையடிவாரத்தில் அழகான ஊர். படுக்கப் போகும்போது அவன் அண்ணன் கொசுவலை கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கவில்லை. "நம்மூரு கொசுவயே பாத்தவன் நானு. இதெல்லாம் எம்மாத்திரம்?" என்று மார்தட்டினேன். மானஸ் அதை அண்ணனுக்கு மொழிபெயர்க்காமல் விட்டது அவன் பெருந்தன்மை.

திரும்பி வந்து கொஞ்ச நாளில் ஜுரம் வந்தது. முதலில் கம்பளிக்குள்ளும் உதறும். பிறகு உடம்பு கொதிக்கும். அப்புறம் வேர்த்துக் கொட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் போய்விடும். மறுநாள் நான் பிரியாணி சாப்பிடுவேன். அதற்கு மறுநாள் கம்பெனி பஸ் மாதிரி மறுபடியும் வந்து நிற்கும். எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒரு ஜுரத்துக்கு நாள் எண்ணத் தெரியுமா என்ன? டாக்டரிடம் போகலாம் என்று கிளம்புகிற நாளில் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருப்பேன். என்னவென்று சொல்லிப் போய் நிற்பது?

அப்போதுதான் வாலாஜாபாத்திலிருந்து செல்வி அக்கா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பெண் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப் பிறந்த தம்பி நான் ஒருவன்தான்.

"டேய், வளைகாப்புக்கு ஷிப்ட்டுன்னே. பேர் வெக்கறதுக்கு ஓவர்டைம்னே. இதுக்கும் எதனா சொல்லிக்கினு வராம போனே, சித்தி பையன மாமனா குந்த வெச்சிடுவேன். அப்புறம் என் வூட்டு வாசப்படி மிதிக்காத!"

அக்கா சொன்னால் செய்வாள். மாமன் பதவியும் போனால் எனக்கு வேறு பதவியே கிடையாது (கம்பெனியில் நான் டிரெய்னி). ஜுரம் என்றால் நம்பவும் மாட்டாள். ஆகவே கணக்குப் போட்டேன். கடைசியாக உதறியது வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது. அடுத்து சனி. அப்படியானால் ஞாயிறு எனக்கும் ஜுரத்துக்கும் வாராந்திர விடுமுறை. சனிக்கிழமையும் வரவில்லை, பயந்து ஓடிவிட்டது என்று குஷியாகி அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய் யாழினி பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். நான் வியாழன் என்று எண்ணியது ஊர் உலகத்துக்கு வெள்ளிக்கிழமை காலை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஞாயிறு காலை பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, மடியில் மொட்டைத்தலை யாழினி, எதிரே ஊசியோடு நகைக்கடை பத்தர். வலது காது சுலபமாக முடிந்தது. குழந்தை வீறிட்டாள், நான் வாழைப்பழம் காட்டினேன். பத்தர் இடது பக்கம் வந்து உட்காரும்போது என் முதுகில் சில்லென்றது. பல் தந்தியடித்தது. முழங்கால்கள் குலுங்கின. மடியிலிருந்த யாழினியும் குலுங்கினாள். ஊஞ்சல் என்று நினைத்தாளோ என்னவோ, அழுகையை விட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"யோவ் மாமா, ஆடாம குந்துய்யா! காது எங்க கீதுன்னே தெரியல," என்றார் பத்தர்.

"ஆ... ஆ... ஆடல..."

"காலைலயே போட்டுக்கினு வந்துட்டியாடா?" என்று அக்கா வீட்டுக்காரர், முருகன் மாமா, என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நல்ல நேரம் போவுது, அவன அமுக்கிப் புடிங்கப்பா!" என்று யாரோ கத்த, ஆளுக்கொரு பக்கம் என் தோளையும் தொடையையும் அழுத்தினார்கள். பத்தர் சாமியை வேண்டிக்கொண்டு குத்தினார். ஓட்டை விழுந்தது. விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே விழுந்தது.

நான் குடித்திருக்கிறேன் என்று நிரூபிக்கத்தான் மாமா என்னை வண்டியில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா என் வாயை முகரவில்லை. "சமீபத்துல வெளியூர் எங்கயாவது போனீங்களா?" என்று கேட்டார். ஒடிசா என்றதும் விரலில் குத்தி ரத்தம் எடுக்கச் சொன்னார். சற்று நேரத்தில் முடிவு வந்தது. மலேரியா.

"அதான் நம்ம பக்கம் இல்லவே இல்லியே மேடம்!" என்றார் மாமா, ஊர் மானம் போன வருத்தத்தில்.

"இங்க வந்ததில்ல. அங்கேர்ந்து இவர் கொண்டுவந்திருக்கார்."

அன்று சாயங்காலமே சுகாதார ஆய்வாளர் ஒருவர் ஆட்களோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். மாடித் தொட்டி, கிணறு, ட்ரம் என்று ஒன்று விடாமல் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் சார், தண்ணில இன்னா தேடுறீங்க?" என்றேன்.

"கொசுப் புழுவத்தான். உன்ன இங்க ஒரு கொசு கடிச்சிருந்தா, கொஞ்ச நாள் கழிச்சி அது யாரக் கடிக்குதோ அவங்களுக்கும் வரும்பா. இந்த ஊர்ல மறுபடி ஆரம்பிச்சிடக் கூடாது. அதுக்குத்தான்."

நான் தூங்கிக்கொண்டிருந்த யாழினியைப் பார்த்தேன். அத்தனை நாளில் அப்போதுதான் உண்மையாகப் பயந்தேன்.

பிறகு விருந்துக்கு வந்திருந்த சொந்தபந்தம் எல்லாம் கை கழுவிவிட்டு வரிசையில் நின்று விரலை நீட்டினார்கள். "ஊரு காதெல்லாம் குத்துனவன், என்னயே குத்த வந்துட்டீங்களா?" என்று பத்தர் அலறினார். மாமாவுக்கு ரத்தத்தைப் பார்த்ததும் மயக்கமே வந்துவிட்டது. யாருக்கும் மலேரியா இல்லை. அடுத்த சில வாரங்களும் வந்து பார்த்துவிட்டு, யாழினிக்கு எதுவும் இல்லை என்று சுகாதார ஆட்கள் உறுதியாகச் சொன்ன அன்றுதான் அக்கா என்னிடம் பேசினாள்.

"ஜுரம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்தான்."

யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு கம்மல் மட்டும் ஏன் மேலே ஏறியிருக்கிறது என்று டீச்சர் கேட்டிருக்கிறார். அவள் சொன்ன பதிலை, வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன்பே அக்கா சொல்லிவிடுகிறாள்:

"அது எங்க மாமாவுக்கு வந்த ஜுரம் மிஸ். அவருக்குப் போயிடுச்சி, எனக்குத்தான் இன்னும் போகல."