மலையில் நின்றுபோன புள்ளி

குருநகர்
ஞாயிறு, பூசை முடிந்து

பாசமுள்ள அருமைநாயகி அக்காவுக்கு,

உங்கள் தம்பி அடைக்கலநாதன் எழுதிக்கொள்வது. எங்கடை கோயில் யாகப்பர் காவலில் இங்கு நானும் றெஜினாவும் மகளும் முழுசாக இருக்கிறோம். மகள் ஜெசிதாவின் மூக்குத் தோல் மாத்திரம் இல்லை. கனடாவில் நீங்களும் தோலோடு சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

அக்கா, பிள்ளை நேபாளத்துக்கு ஊர் பார்க்கப் போகிறாள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். ஆறாயிரம் மீற்றர் பனிமலையில் கயிறு கட்டி ஏறப் போகிறாள் என்பதும், அதற்குச் சப்பாத்து அனுப்பினது நீங்கள் என்பதும் அவள் பிளேன் ஏறின பிறகுதான் தெரியும். நல்ல அக்கா! கூட்டிப்போகிற கொம்பனி அவளிடம் ஒரு கருவி கொடுத்திருக்கிறது. அவள் நிற்கிற இடம் என்ரை போனில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். பதினைந்து வருசம் கடலில் ஜிபிஎஸ் பார்த்தவன் நான், விடுவேனா? சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்திலும் புள்ளிதான். உச்சிக்கு ஏறுகிற அன்று விடியப் பார்க்கிறேன், புள்ளி அசையவில்லை. எட்டு மணி, பத்து மணி, மத்தியானம், அசையவே இல்லை. கடலில் படகு அப்படி நின்றால் ஒன்றில் நங்கூரம் போட்டிருக்கும், இல்லையென்றால் எஞ்சின் நின்றிருக்கும். மலையில் ஏது நங்கூரம்?

பக்கத்து வீட்டுச் செபநாயகத்திடம் வாய்விட்டதுதான் பிழை. எங்கடை தெரு உங்களுக்குத் தெரியும்: ஒருவரைக் கடலில் காணவில்லையென்றால் ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். மலையில் காணாமற்போனாலும் அதே சட்டமாம். பின்னேரம் இறங்க நின்ற முப்பத்தெட்டுப் படகும் கரையில். எங்கள் வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று ஏழு வீட்டுப் புட்டு வந்து சேர்ந்தது. முன்வீட்டு லூர்த்தம்மா வாசல் படலையிலேயே தலையில் அடித்து, "ஐயோ என்ரை குஞ்சு, ஐசுக்குள்ளை போயிட்டியேடி!" என்று தொடங்கிவிட்டா. "காணேல்லை எண்டுதான் சொன்னனான், செத்துப்போச்செண்டு சொல்லேல்லை!" என்று கத்தினேன். கத்தின வாயோடு நானும் அழுதேன், அக்கா, மறைக்க என்ன இருக்கு. றெஜினா மாத்திரம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் கோயிலுக்குப் போய்விட்டாள்.

பொழுதுபடப் போன் அடித்தது.

"அப்பா, நான் ஜெசிதா."

"எங்கையடி நிக்கிறாய்?"

"கூடாரத்துக்கு வந்திட்டன். இன்னும் நூறு மீற்றர்தான் கிடந்தது, பசாங் அண்ணை திருப்பிப்போட்டார்" என்று விம்முகிறாள். பசாங் என்பவர் வழிகாட்டி. காற்று மாறுகிறது, திரும்பு என்றாராம். இவள் மாட்டேன் என்று நின்றாளாம். கயிற்றைப் பிடித்து இழுத்தே இறக்கிவிட்டாராம். சொல்லுக் கேளாமல் மேலே போன வேறு கூட்டத்து ஆளுக்குப் பனியில் மூன்று கால்விரல் கருகிப்போச்சுதாம்.

"அப்ப உந்தப் புள்ளி?"

"பாரம் எண்டு கூடாரத்திலை விட்டிட்டுப் போனனான் அப்பா."

பாரமாம், அக்கா! தீப்பெட்டியளவு சாமான்!

எனக்குக் கோபம்கூட வரவில்லை. படகை நடத்துகிற தண்டையல் திரும்பு என்றால் திரும்புவதுதான். அந்தப் பசாங் நல்ல தண்டையல், அவரைப் பெற்ற தாய் நல்லாயிருக்கவேணும். பனிவெயில் உரித்த மூக்கோடு பிள்ளை வந்து நாலு நாளாய்ச் சூடைமீன் பொரியலும் சோறும் நித்திரையும்தான். நான் அடிக்கடி போய் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். முழித்தால் ஒரே கதை: "விடியேக்கை மேகமெல்லாம் காலுக்குக் கீழை கடல் மாதிரிக் கிடந்ததப்பா. அப்பிடி ஒரு சந்தோசம் எனக்கு ஒருநாளும் வரேல்லை."

"கடல் பாக்க உவ்வளவு உயரம் ஏன் ஏறினனி? படலையைத் திறந்தால் கிடக்கே" என்றேன். சிரிக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து நான் கொஞ்சம் இளகினது உண்மை, ஆனால் முடிவு முடிவுதான். இனி இந்த வீட்டில் மலைக் கதை கிடையாது. நீங்களும் ஒரு சாமானும் அனுப்பக்கூடாது.

அத்தாருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லாரையும் சமதரையில் வைத்துக் காக்கட்டும்.

உங்கள் தம்பி
அடைக்கலநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் றெஜினா வந்து சொல்கிறாள், அன்று கோயிலில் நேர்த்தி வைத்தவளாம்: "பிள்ளையை உயிரோடை தாரும், இனி அவளின்ரை ஆசைக்கு நானும் என்ரை மனிசனும் குறுக்கை நிக்கமாட்டம்." மெழுகுதிரி போதாதோ என்று கேட்டேன். "உயிரைக் கேட்டிட்டு மெழுகுதிரியோ குடுக்கிறது?" என்கிறாள். யாகப்பருக்குச் சொன்ன சொல்லை மாற்ற எனக்குத் துணிவில்லை. பிள்ளை சித்திரையில் திரும்பவும் போகிறாள். கையுறை இரண்டு சோடி அனுப்பிவிடுங்கோ அக்கா. ஒன்று அவளுக்கு. மற்றது பசாங்குக்கு, கயிறு பிடிக்கிற கை, நல்ல தடிப்பானதாகப் பார்த்து வாங்குங்கோ.