நான் மட்டம் போட்ட நாள்

இன்றைக்கு ஆபீஸுக்கு மட்டம் போட்டேன். காரணம், என் மெஷினின் மேஜை மட்டமாக இல்லை. அதைச் சொல்லி என் வீட்டுக்காரி என்னை மட்டம் தட்டுகிறாள். எல்லா மட்டத்தையும் ஒரே நாளில் தீர்த்துக்கட்டுவது என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு ஷெட் உண்டு. அதில் பலகை இழைக்கிற மெஷின். இரும்பு மேஜைமேல் பலகையைத் தள்ளினால், மேலே சுழலும் பிளேடு சீவி, ஒரே கனத்தில் அந்தப் பக்கம் அனுப்பும். அதாவது, அனுப்ப வேண்டும். என் மெஷின் ஒரு ஓரம் தடித்தும் ஒரு ஓரம் மெலிந்தும் அனுப்பும். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டூல் செய்து தரச் சொன்னால், "மேஜை கோணல் சார்" என்று முடித்துவிடலாம். ஷெட்டில் ஒரு சாய்வு நாற்காலியும் ரேடியோவும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேதான் எனக்கு 'வேலை'. குறட்டை வெளியே கேட்காது.

நேற்று அதற்குத்தான் வந்தது வேட்டு.

"என்னங்க, ஷெட்டைக் காலி பண்ணுங்க. தையல் மிஷின் போடப் போறேன்."

நான் அப்போது சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறியது.

"அங்க என் மெஷின் இருக்கே?"

"கோணல் மெஷின். அதுக்கு எதுக்குத் தனியா ஒரு இடம்?"

"நேராக்கிக் காட்டினா?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நேராக்குங்க, ஷெட் உங்களுது. இல்லேன்னா எனக்கு."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

வேலை எனக்கு அத்துப்படி. ஒரே மாதிரி இரண்டு சட்டங்களை மேஜையின் இரண்டு ஓரங்களிலும் சேர்த்து விட வேண்டும். எது கனமாக வருகிறதோ, அந்தப் பக்கம் மேஜை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பக்கத்து நட்டைத் திருகி மேஜையை ஏற்றினால் தீர்ந்தது. அந்தக் கோடியில் நின்று சட்டங்களை வாங்கி அளந்து சொல்ல இவளையே நிறுத்தினேன். தோற்பதை அவளே கண்ணால் பார்க்கட்டும்.

"எது கனம்?"

"இடது பக்கம்."

இடது பக்கத்தை ஏற்றினேன். அடுத்த ஜோடியை விட்டேன்.

"இப்ப?"

"இடதுதான். வித்தியாசம் கூடியிருக்கு."

"கூடாதே."

"கூடாதுதான். ஆனா கூடியிருக்கு."

இன்னும் ஏற்றினேன். மத்தியானத்துக்குள் ஒரு சட்டத்தால் பல் குத்தலாம், இன்னொன்றால் ஆளை அடிக்கலாம் என்கிற நிலைமை. எனக்கு ரத்தம் கொதித்தது.

"உனக்கு அளக்கத் தெரியுமா, தெரியாதா?"

"உங்களுக்குத் திசை தெரியுமா? நான் உங்களைப் பார்த்து நிக்கிறேன். என் இடது உங்களுக்கு என்ன?"

வலது.

"இதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஏத்திக்கிட்டே போனீங்க. ஏதோ திட்டம் வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"திட்டம்தான்" என்றேன் மிடுக்காக. ஏற்றியதை எல்லாம் இறக்கினேன். என் வலதை ஏற்றினேன். விட்டேன், அளந்தேன், கொஞ்சம் திருகினேன், மறுபடி விட்டேன். வெயில் இறங்குவதற்குள் சட்டங்கள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக வெளியே வந்தன. மயிரிழை வித்தியாசம் இல்லை.

"ஷெட் யாருது?" என்றேன்.

"உங்களுதுதாங்க" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"அப்ப தையல் மிஷின்?"

"எனக்குத் தைக்கத் தெரியுமா?"

தெரியாது. கல்யாணமானதிலிருந்து இந்த வீட்டில் பட்டன் தைப்பவன் நான்தான்.

உள்ளே போனவள் கட்டிலுக்கடியில் கிடந்த பலகைகளை இழுத்து வந்தாள். சமையலறை அலமாரிக்கென்று என்றைக்கோ வாங்கிப்போட்டவை. "எப்பக் கேட்டாலும் மேஜை கோணல், மேஜை கோணல்னீங்களே. இப்ப நேராயிடுச்சு."

பலகைகளை அடுக்க இடம் வேண்டுமென்று என் சாய்வு நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டாள். அதில் சாய்ந்து, மடியில் என் ரேடியோவை வைத்துத் திருகினாள்.

"நாளைக்கும் மட்டம் போட்டுடுங்க."