சின்னக் காரும் கிலோ பாயின் முட்டை வீடும்

தாம்பரத்தில் எடை போடப்படாத பொருள் என்று ஏதாவது இருந்தால், அது கிலோ பாயின் கண்ணில் இன்னும் படவில்லை என்று அர்த்தம்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால் உறையைப் பிரிப்பதற்கு முன் தராசில் வைப்பார். "நூத்தி நாப்பது கிராம். சாப்பாடு நல்லா இருக்கும்" என்பார். என் முதல் புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டு ஆசையாக நீட்டினேன். அதையும் வைத்துப் பார்த்தார். "இருநூத்திப் பத்து. லைட் ரீடிங்" என்று சொல்லி அலமாரியில் செருகியவர்தான், இன்றுவரை அட்டையைத் திறந்ததாகத் தகவல் இல்லை.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் அவருக்கு எலக்ட்ரானிக் தராசு விற்று, ரிப்பேரும் பார்க்கிற கடை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் அடுக்ககத்தில் எனக்கு நேர் கீழ் வீடு. அவருடைய சொந்தப் பெயர் ஆதார் கார்டுக்கும் அவர் மனைவி நூர்ஜஹான் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். அக்காவும் கோபம் வந்தால்தான் அதைப் பயன்படுத்துவார்.

அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. கார் என்று சொல்வது மரியாதைக்காக. நாலு பேர் ஏறினால் பாலத்தில் ஏறலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஏறும். அந்தக் காரின் பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போவதாக ஒருநாள் படிக்கட்டில் வைத்து என்னிடம் அறிவித்தார்.

"வீடா?"

"கேம்பர் சார். ரெண்டு சக்கரம், மேல ஒரு ரூம். உள்ள படுக்கை. கார்ல கோத்து இழுத்துட்டுப் போக வேண்டியதுதான். யூடியூப்ல வெள்ளைக்காரன் நாயோட போறான். நான் பொண்டாட்டியோட போகக் கூடாதா?"

காரணம் அக்காதான். அடுத்தவர் தலை வைத்த தலையணையில் அவரால் தலை வைக்க முடியாது. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போய், லாட்ஜ் கட்டிலைப் பார்த்துவிட்டு, இரண்டு ராத்திரியும் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் எங்கேயும் தங்கியதில்லை. ஒருமுறை பாய் வீட்டு மெத்தையைக் காரின் தலையில் கட்டி ஏலகிரிக்குக் கிளம்பினார். வழியில் மழை. பதினாலு கிலோ மெத்தை நாற்பது கிலோ ஆகி, கார் ஆம்பூருக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டது.

மகளைக் கட்டிக் கொடுத்து அவள் துபாய் போன பிறகு, டிவியில் ஏதோ மலையைக் காட்டும்போது அக்கா சொன்னாராம்: "எல்லா ஊரையும் இப்படியே பார்த்து முடிச்சிடுவேன் போலருக்கு." சண்டையாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சும்மா சொன்னார். பாய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த வார்த்தையை மட்டும் எந்தத் தராசில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆலோசனை கேட்டார். கேம்பரை நேரில் பார்த்தவர் அதில் ஒருவரும் இல்லை. அதனால் எல்லோரும் பதில் சொன்னார்கள். ஒருவர் வேன் வாங்கச் சொன்னார். ஒருவர் மறைமலைநகரில் மனை வாங்கச் சொன்னார். ஒருவர் அருவி படம் போட்ட காலை வணக்கம் அனுப்பினார்.

கடைசியில் பாய் தானே ஒரு சட்டம் வகுத்தார். "கார் அறுநூத்தம்பது கிலோ. அதுல பாதிக்கு மேல பின்னால தொங்கக் கூடாது. முந்நூத்தி இருபத்தஞ்சு. சாமானோட சேர்த்து. ஒரு கிராம் ஏறக் கூடாது."

முதல் கேம்பரைப் பார்க்க ஜிஎஸ்டி ரோட்டில் கூடுவாஞ்சேரி தாண்டிப் போனோம். டை கட்டிய விற்பனைப் பையன் கதவைத் திறந்ததும் எனக்கே அங்கே குடியேறிவிடலாம் போலிருந்தது. அடுப்பு, ஃபிரிட்ஜ், டிவி, கழிப்பறை. அச்சடித்த தாளில் எடை நானூற்றைம்பது கிலோ என்று போட்டிருந்தது. பாய் நேராகத் தன் காருக்குப் போனார். டிக்கியைத் திறந்து தன் சொந்தத் தராசுகள் இரண்டை எடுத்து வந்து சக்கரங்களுக்கு அடியில் கொடுத்தார்.

அறுநூற்றுப் பத்து.

"சார், நாங்க போட்டிருக்கறது டிரை வெயிட்" என்றார் டைக்காரர்.

"காய வெச்சு எடை போட்டீங்களா? இது வண்டியா, கருவாடா?"

"அதெல்லாம் இழுக்கும் சார்."

"எது எதை இழுக்கும்? ஏத்தத்துல என் காரு இதை இழுக்கணும். இறக்கத்துல இது என் காரைத் தள்ளும். நான் ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும், அதானே?"

"பேசாம பெரிய காரா வாங்கிடுங்க சார். பிரச்சினையே இருக்காது" என்றார் அவர். பாய் தராசுகளைத் துடைத்து எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, மடக்குக் கேம்பர். மூடினால் பெட்டி, பிரித்தால் கூடாரம். எடை குறைவு, பாய்க்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்று வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் விசிட்டர் பார்க்கிங்கில் பிரித்தோம். எட்டு பேர், இருபது நிமிஷம். அழகாக நின்றது. மடக்கத்தான் வரவில்லை. எப்படி மடக்கினாலும் ஒரு கம்பி மிச்சம் வந்தது. அந்தக் கம்பியை உள்ளே தள்ளினால் வேறொன்று வெளியே எட்டிப் பார்த்தது. மூன்று நாள் அப்படியே நின்றது.

எங்கள் செக்ரட்டரி டேனியல் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டார்: 'விசிட்டர் பார்க்கிங் என்பது விசிட்டர்களின் வாகனங்களுக்கு. விசிட்டர்கள் வசிப்பதற்கு அல்ல.' நாலாம் நாள் ஒரு வீட்டு புரோக்கர், புதிதாய்க் கல்யாணமான ஜோடி ஒன்றை அழைத்து வந்து கூடாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "கிழக்கு பார்த்த வாசல் சார். காத்தோட்டம் பாருங்க. மூணு பக்கமும் ஜன்னல்." அந்தப் பெண், தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

மடக்குக் கேம்பரை விற்றவரே வந்து மடக்கி எடுத்துப் போனார். கடைசியில் பொழிச்சலூரில் ஒரு வெல்டிங் பட்டறை அகப்பட்டது. பட்டறைக்காரர் ஏகாம்பரம் கேம்பரைக் கண்டதில்லை. ஆனால் கோழி வண்டி முதல் கோயில் தேர் வரை செய்திருக்கிறார். பாய் ஒரு முட்டையைப் படுக்க வைத்த மாதிரி படம் போட்டுக் காட்டினார். மெல்லிய பிளைவுட், அலுமினியத் தகடு. உள்ளே ஒரு மெத்தை மட்டும். பின்பக்க மூடியைத் தூக்கினால் சின்னச் சமையல் மேடை.

"இன்னா பாய், பொட்டி உருளுமா, ஒடையுமான்னு அதையே கேட்டுகினு கீற?" என்றார் ஏகாம்பரம். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தலைக்கு மேல் மீனம்பாக்கத்துக்குத் தாழ்வாக இறங்கியது. சத்தம் அடங்கும்வரை விரலை மேலே நீட்டியபடியே நின்றார். "அத்தப் பாரு. எம்மாம் பெருசு கீது. அதுவே பறக்குது. உன் பொட்டி உருளாதா?"

உருண்டது. இருநூற்றறுபது கிலோ. தெருவே அதை முட்டை வீடு என்று கூப்பிட்டது.

பதிவு செய்யப் போன அலுவலகத்தில் விண்ணப்பத்தில் 'பயன்பாடு' என்று ஒரு கட்டம். விவசாயம், வணிகம் என்று இரண்டே இரண்டு வழிதான் அச்சாகியிருந்தது. பாய் இரண்டையும் அடித்துவிட்டு 'தூக்கம்' என்று எழுதினார். "தூங்கறதுக்கு எதுக்கு சார் நம்பர் பிளேட்டு?" என்று கவுன்ட்டரில் இருந்தவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் கிடைக்க நாலு மாதம் ஆனது.

அந்த நாலு மாதத்தில் நானும் அறிவியலுக்கு உழைத்தேன். முட்டை வீட்டின் முன்பக்கம் போதிய கனம் இல்லையென்றால் ஓடும்போது வால் ஆடும் என்று பாய் படித்துவிட்டார். என்னை உள்ளே முன்பக்கமாக உட்கார வைத்து, காம்பவுண்டுக்குள்ளேயே நடை வேகத்தில் இரண்டு சுற்று ஓட்டினார்.

"உள்ள யாரு பாய்?" என்று கேட் வாட்ச்மேன் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஆள் யாரும் இல்லப்பா. வெயிட்டு" என்றார் பாய்.

மிச்சமிருந்த அறுபத்தைந்து கிலோவுக்குள் சாமான் கட்ட வேண்டும். பாயும் அக்காவும் முதன்முறையாக மாடிக்குக் கேட்கும்படி சண்டை போட்டது இதில்தான். தராசை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் பாய். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டினார். சீப்பை வெட்டினார். என் மனைவி அன்பாகக் கொடுத்த ஊறுகாய் பாட்டிலில் எண்ணெயை வடித்துவிட்டு எடை போட்டார். அக்கா பொறுத்துக்கொண்டார். குக்கரைத் தொட்டபோதுதான் வெடித்தார்.

"குக்கரு எவ்வளவு?"

"ரெண்டே முக்கால்."

"இப்ப நீங்க ஏறுங்க மேல."

"நான் எதுக்கு? நான் கார்லதானே..."

"எல்லாத்தையும் இழுக்கறது அந்த ஒரே இன்ஜின்தானே? ஏறுங்க."

தொண்ணூற்று மூன்று. அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். "இப்ப சொல்லுங்க. எதை இறக்கணும்?"

மறுநாளிலிருந்து கிலோ பாய் அதிகாலையில் செலையூர் ஏரிக்கரையில் நடந்தார். பரோட்டாவை விட்டார். பரோட்டா கடைப் பக்கம் போகும் தெருவையே விட்டார். மூன்று மாதத்தில் எண்பத்து நாலு. குக்கர் உள்ளே போனது.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் காலையில் கிளம்பினார்கள். பெருங்களத்தூரில் எனக்குத் தெற்கே சொந்த ஊருக்குப் போகும் பஸ். "அதுவரைக்கும் வாங்க சார், இறக்கி விடறேன்" என்று என் பையை எடை போட்டுப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார். தமிழ்நாட்டின் பாதி ஜனமும் அதே காலையில் அதே சாலையைத் தேர்ந்தெடுத்திருந்தது. பத்து நிமிஷ தூரம் மூன்று மணி நேரம் ஆனது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வந்ததும் எல்லாம் அடியோடு நின்றுபோனது.

டிராபிக் போலீஸ்காரர் வந்து முட்டையைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா பாய் இது, காருக்கு வாலு மொளச்சிகீது?"

பாய் மூன்று கிலோ எடையுள்ள ஆவணக் கோப்பை நீட்டினார். அவர் அதைக் கையில் வாங்கி, கனத்தைப் பார்த்து, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு பெண்ணைப் பார்த்தோம். கைக்குழந்தையோடு வெயிலில் நின்றிருந்தாள். விழுப்புரம் பஸ்ஸுக்குக் காலையிலிருந்து காத்திருக்கிறாளாம். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. சுற்றிலும் ஆம்பிளைக் கூட்டம், ஒதுங்க இடமில்லை. அக்கா காரிலிருந்து இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தார். முட்டையின் கதவைத் திறந்தார்.

"உள்ள போய்ப் பால் குடும்மா. அப்படியே செத்த படு. யாரும் வர மாட்டாங்க."

பாய் அப்படியே நின்றார். மெதுவாக அக்காவின் காதருகே போனார். "நூரு... நம்ம தலகாணி. உனக்குன்னு புதுசா..."

"தெரியும். பேசாம இருங்க."

"இல்ல, அடுத்தவங்க தலை..."

"பச்சப் புள்ளைங்க. அது அடுத்தவங்களா?"

முப்பத்தோரு வருஷ விரதம் பெருங்களத்தூர் சந்திப்பில் இப்படி முடியும் என்று யார் நினைத்தார்? அடுத்து வேறொரு பெண் இரட்டைக் குழந்தைகளோடு வந்தாள். பின்பக்க மூடியைத் தூக்கி, அக்கா டீ போட ஆரம்பித்தார். போலீஸ்காரருக்கு இரண்டு கிளாஸ். இரட்டைக் குழந்தைகளில் ஒன்று மெத்தையை நனைத்துவிட்டது. பாய் எட்டிப் பார்த்து, "எப்படியும் ஒரு நூறு கிராம் ஏறியிருக்கும்" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்றார்.

மத்தியானம் சாலை நகர்ந்தது. குழந்தைக்காரிகளுக்குப் பஸ் வந்தது, எனக்கும் வந்தது. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெள்ளைக் கார் பாலத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஏறியது. முட்டையும் பின்னாலேயே ஏறியது. வால் ஆடவில்லை.

மறுநாள் காலை பாயிடமிருந்து குரல் செய்தி வந்தது. திண்டிவனம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் ஓரம். "ரைட்டர் சார், எட்டு மணி நேரம் தூங்கிட்டா சார். கொறட்டை வேற!" பின்னணியில், "யாரைச் சொல்றீங்க?" என்று அக்காவின் குரல். அடுத்தடுத்து கொல்லிமலை, ஏற்காடு. ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒரு காய்கறிக்காரரின் தராசு தப்பு என்று சண்டை பிடித்திருக்கிறார்; சண்டை முடிந்ததும் அந்தத் தராசை இலவசமாகச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். அக்கா மலைகளைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் அனுப்பினார்: 'டிவில குளிரு தெரியலை தம்பி.'

விடுமுறை முடிந்து நான் திரும்பிவிட்டேன். கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. காய்கறிப் பையோடு படியேறினேன். யாரும் பிடுங்கி எடை போடவில்லை. அடுக்ககம் நிம்மதியாக இருந்தது. டேனியல் சார் நோட்டீஸ் போர்டில் எழுத ஒன்றுமில்லாமல், 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' என்பதையே இரண்டு முறை எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் கேட் பக்கம் அந்த வெள்ளைக் காரின் மெல்லிய ஹாரன் சத்தம். எழுதிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டுவிட்டுப் படிகளைத் தாவி இறங்கினேன். கீழே வந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. எதற்கு இப்படி ஓடி வந்தீர்கள் என்று அவர் கேட்டுவிட்டால் என்ன சொல்வது? தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் பார்க்க வந்தவன் மாதிரி, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.