உள்மடிப்பு இல்லாத சைக்கிள்

அன்புள்ள அக்காவுக்கு,

கழுத்தில் டேப்பும் கையில் பேனாவுமாக உன் தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். உன் மகளின் முழங்கால் இன்னும் சைக்கிள் ஹேண்டில்பாரில் இடிக்கிறதா என்பதை மட்டும் விவரமாகத் தெரிவிக்கவும். சும்மா கேட்கவில்லை, காரணம் கீழே வருகிறது.

முதலில் உன் மேல் எனக்குக் கோபம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மறந்துவிடுவேன்.

தொட்டித் தண்ணீரை விட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால் நீயே 'தவளை' என்று பெயர் வைத்தாயே என் மகளுக்கு, அவள் சிறுவர் டிரையத்லானில் சேர்ந்திருக்கிறாள். அது என்னவென்று நானும் உன்னைப் போலத்தான் முழித்தேன். முதலில் நீந்த வேண்டுமாம், கரையேறியதும் துவட்டக்கூட விடாமல் சைக்கிளில் ஏற வேண்டுமாம், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டுமாம். யாரும் துரத்துவதில்லை, இவர்களாகவே ஓடுகிறார்கள். "நடுவுல ஒரு வாய் தண்ணி குடிக்க விடுவாங்களா?" என்று கேட்டேன். "ஓடிக்கிட்டே குடிக்கலாம்ப்பா" என்றாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இத்தனை நாள் இது தெரியாமலேயே பேன்ட் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் பார்!

நீச்சலும் ஓட்டமும் அவளுக்குக் கைவந்தவை. சைக்கிள்தான் இல்லை. கோச் அம்மாவிடம் கேட்டேன். "முதல் தடவைதானே சார், ரேஸ் சைக்கிளெல்லாம் வேணாம். எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு வாங்குங்க. ஸ்கூலுக்கும் போகணும், பூங்காவுலயும் ஓட்டணும், ரேசுக்கும் வரணும். வெயிட் கம்மியா, டயர் ரொம்பப் பட்டையா இல்லாம, ரெண்டு பிரேக்கும் நல்லாப் பிடிக்கணும். முக்கியமா அவளுக்கு அளவா இருக்கணும்" என்றார். அளவைப் பற்றி, ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிற என்னிடமே சொல்கிறாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

அன்றைக்குப் பார்த்து நீ போன் பண்ணினாய். "வளர்ற பிள்ளைடா! ஒரு சைஸ் பெருசாவே வாங்கிப் போடு" என்றாய். எனக்கும் அது சரியாகவே பட்டது. உள்மடிப்பு வைக்காமல் நான் ஒரு துணியையாவது தைத்ததுண்டா? பிள்ளை வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளலாமே.

கடைக்குப் போனேன். அக்கா, சைக்கிள் கடை ஒரு அதிசயம்! ஒன்றுக்கு டயர் நிறையப் பல், இன்னொன்றுக்கு மொட்டை. "இதுக்கு மட்டும் ஏங்க பல்லு?" என்றேன். "மண்ணுல வழுக்காம இருக்க." "அப்போ இது ஏன் மொட்டை?" "ரோட்டுல வேகமாப் போக." "பல்லும் வேணும், மொட்டையும் வேணும்னா?" கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நடுவுல ஒண்ணு இருக்கு சார்" என்று காட்டினார். ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பாக வளைந்தது ஒன்று, நேராக நீட்டியது ஒன்று. கொம்பு எதற்கு என்றேன், குனிந்து காற்றைக் கிழிக்க என்றார், காற்றைக் கிழித்தால் யார் தைப்பது என்றேன், அவர் சிரிக்கவில்லை. நான் டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்ததும், வந்திருந்த ஒரு அம்மா, "எந்த ஆபீஸ்லருந்து செக் பண்ண வந்திருக்கீங்க?" என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

கடைசியில் நேர் ஹேண்டில்பார், நடுத்தர டயர், கியர் வைத்த ஒன்று அமைந்தது. கடைக்காரர் ஒரு சைஸ் சொன்னார், நான் அதற்கு மேல் சைஸ் கேட்டேன். "பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க சார், உட்கார வச்சுப் பாத்துடலாம்" என்றார். "அளவு எங்கிட்ட இருக்குங்க" என்றேன். தவளையின் கால் உள்ளளவு, கூடவே வளர்ச்சிக்கு இரண்டு விரல். பிறகு, வாங்குகிறவன் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? அவர் சீட்டுக்கு அடியில் குனிந்து ஏதோ செய்துவிட்டு, "இப்ப ஏறுங்க சார்" என்றார். நான் அந்த நேரம் சங்கிலி ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற அழகில் மெய்ம்மறந்திருந்தேன். ஏறினேன், ஓட்டினேன், கச்சிதம்!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மிச்சமிருந்த யூனிஃபார்ம் துணியில் சீட்டுக்கு ஒரு உறை தைத்தேன். உன் மகளின் சைக்கிளுக்கு நீலத்தில் தைத்துக் கொடுத்தேனே, அதே மாதிரி, கீழே ஒரு சாண் கொசுவம் தொங்க. "ரேசுக்குப் போற சைக்கிளுக்குப் பாவாடையா?" என்றாள் வீட்டுக்காரி. பொறாமை.

அப்புறம் வந்தது பயிற்சி. தவளை சுவரைப் பிடித்து ஏறினாள், அம்பாகப் போனாள், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் மைதானத்தில் ஒரு வெள்ளைக்கோடு இருக்கிறது, அதற்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். "இறங்கு! கோட்டுக்கு முன்னாடி இறங்கு!" என்று கோச் அம்மா கத்துகிறார், "கால் எட்டல மேடம்!" என்று கத்திக்கொண்டே இவள் கோட்டைத் தாண்டிப் போகிறாள். மறுபடி ஒரு சுற்று, மறுபடி கோடு, மறுபடி "எட்டல மேடம்!" மற்ற பிள்ளைகளெல்லாம் இறங்கி ஓடியே முடித்துவிட்டார்கள், இவள் இன்னும் சுற்றுகிறாள். பின்னால் நான், ஒரு செருப்போடு. "சார், நீங்க ஏன் சார் ஓடறீங்க?" என்றார் அவர். கடைசியில் நானே கோட்டின் மேல் தூண் மாதிரி நின்றேன். என் முழங்காலில் வந்து நின்றது வண்டி.

அவள் அழவில்லை அக்கா. அழுதிருந்தால் தேவலை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "அப்பா, இந்த சைக்கிள் யாருக்கு?"

"உனக்குத்தாண்டா கண்ணு."

"எனக்கில்லப்பா. ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தி வரப்போறால்ல, அவளுக்கு. ரேசுக்கும் அவளே போகட்டும். நான் வரல."

அன்றிலிருந்து அவள் குளத்துப் பக்கமே போகவில்லை. நீச்சல் கண்ணாடி ஆணியில் தொங்குகிறது. ரேசோ வருகிற ஞாயிற்றுக்கிழமை. சாப்பிடக் கூப்பிட்டால் "அவளைக் கூப்பிடுங்க" என்கிறாள். வராத ஒருத்திக்காக வந்தவளை விரட்டிவிட்டேனே என்று எனக்குத் தூக்கமே இல்லை.

கடையில் மாற்றலாமே என்பாய். வண்டி சுவரில் உரசிப் பெயின்ட் போய்விட்டது, எந்த முகத்தோடு போவது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். உன் மகள் நெட்டை, அவள் சைக்கிள் அவளுக்குச் சின்னது. என் மகளுக்கு இது பெரியது. மாற்றிக்கொள்வோம். அத்தானிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்குள் வேனில் அதை ஏற்றி அனுப்பு. இது உன் பேச்சைக் கேட்டதால் வந்த வினை, ஆகையால் மறுக்காதே.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. துணிக்கு உள்மடிப்பு வைக்கத் தெரிந்த மனிதனுக்கு, சைக்கிளுக்கு வைக்க ஏன் தோன்றவில்லை? அத்தானிடம் கேட்டு எழுது.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மகளுக்கும் அவள் முழங்காலுக்கும் என் ஆசிகள். உங்கள் வீட்டுத் துணிகளெல்லாம் கிழியாமல் இருக்கட்டும், கிழிந்தால் என்னிடமே வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்டுக் கெட்ட தம்பி

பி.கு.: சைக்கிளை அனுப்ப வேண்டாம். இதைக் கவரில் போடும்போது வீட்டுக்காரி, "குடுக்கிறதுதான் குடுக்கிறீங்க, அந்தப் பாவாடையைக் கழட்டிட்டாவது குடுங்க" என்று கத்தரியை வைத்தாள். கொசுவத்துக்கு உள்ளே ஒரு சின்னக் கைப்பிடி. 'இது என்னது?' என்று தவளை திருகினாள். சீட்டு சர்ரென்று கீழே இறங்கியது அக்கா! முழுக் குழாயும் உள்ளே போய்விட்டது. கடைக்காரர் எனக்காகத் தூக்கி வைத்ததை நான் மூடித் தைத்திருக்கிறேன். ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் தரையில். கோச் அம்மாவும் பார்த்து, "பாவாடை மறைச்சதுல எனக்கும் தெரியல சார், இப்ப சரியா இருக்கு" என்றுவிட்டார். ஆக, சைக்கிளுக்கும் உள்மடிப்பு உண்டு, அத்தானைக் கேட்க வேண்டாம். உன்னைத் திட்டியதையெல்லாம் திட்டாததாக வைத்துக்கொள், மறுபடி எழுதக் கை வலிக்கிறது. ரேசுக்கு உடுப்பு தைக்க உட்கார்ந்தேன். "அப்பா, அடுத்த வருஷத்துக்கு இடம் விடாதீங்க. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் தைங்க" என்றாள். உள்மடிப்புக்கு விட்டிருந்த துணியை வெட்டி எடுத்தேன். ஒரு நூல் கூட விடாமல், இன்றைக்கு இருக்கிற என் மகளின் அளவுக்கே தைத்துவிட்டேன். அடுத்த வருஷம் பத்தாது. பத்தாமல் போகட்டும், வேறு தைப்பேன். போட்டுப் பார்த்துவிட்டு, ஆணியில் தொங்கிய நீச்சல் கண்ணாடியை அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அப்புறம், கோபிக்காதே. உன் மகளின் சைக்கிளில் அந்த நீல உறையையும் கொஞ்சம் தூக்கிப் பார்.