வருகைப் பதிவேடு போட்ட வீடு

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நான் சுகம்; முழங்காலின் சுகத்தை அதனிடமே கேட்க வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். முதலில் நல்ல செய்தி: நான் அங்கே வரவில்லை. இதை நல்ல செய்தி என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. போன கடிதத்தில் "வீடு கலையப்போகிறது, துணிமணியெல்லாம் கட்டிவிட்டேன்" என்று எழுதி உன்னைக் கலங்கவைத்தேன். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கொடியில் போட்டாயிற்று. உன் வீட்டில் எனக்கு என்ன குறை இருக்கும்? ஒன்றும் இருக்காது. நாற்காலியை விட்டு எழுந்தால் "எங்கண்ணா போறீங்க, நான் எடுத்துத் தரேன்" என்பாய். நான்கே நாளில் எழுந்து நிற்பது எப்படி என்று எனக்கு மறந்துவிடும். இங்கே அந்த ஆபத்து இல்லை. நான் கீழே விழுந்தாலும் கூடக் குடியிருக்கும் டிரைவர் முதலில் "என்ன உடைஞ்சுது?" என்றுதான் கேட்பார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று அறை, மூன்று பேர். பால்கனி வைத்த பெரிய அறை எனக்கு, நடு அறை டெய்லருக்கு, பழைய சாமான் போடுவதற்காகக் கட்டிய சின்ன அறை பஸ் டிரைவருக்கு. ஐந்து வருடமாக வாடகையை மூன்றாக வகுத்துச் சமமாகக் கொடுத்துவந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன மாதம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார், எல்லார் வாயும் திறந்துகொண்டது. "சார், உங்க ரூம்ல நீங்க வாக்கிங் போறீங்க. என் ரூம்ல நான் புரண்டு படுக்கணும்னா, வெளிய வந்து புரண்டுட்டு மறுபடி உள்ள போகணும். ரெண்டுக்கும் ஒரே வாடகையா? நீங்க கணக்கு வாத்தியார்தானே, நீங்களே சொல்லுங்க" என்றார் டிரைவர். டெய்லர் சும்மா இருப்பாரா? "என் ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். ஊசில நூல் கோக்க நான் சார் ரூமுக்குத்தான் ஓடறேன்" என்றார். ஒன்றாம் தேதிக்குள் நியாயமான வழி ஒன்று பிறக்காவிட்டால் டிப்போ பக்கம் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று டிரைவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் மற்ற இரண்டு பேரால் வாடகை கட்ட முடியாது, வீடும் போய்விடும். முப்பத்தைந்து வருடம் ஊரார் பிள்ளைகளுக்கு விகிதம் சொல்லிக்கொடுத்தவன், மூன்று பேருக்கு விகிதம் போடத் தெரியாமல் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான் என்று ஆகியிருக்கும்.

சரி, அறைகளை அளந்துவிடலாம் என்றேன். டெய்லர் நாடாவை எடுத்தார். பால்கனியைச் சேர்ப்பதா என்று முதல் தகராறு. அங்கே காய்வது மூன்று பேர் துணி என்பதால் அது பொது என்று முடிந்தது. என் அறையில் ஓர் அலமாரி இருக்கிறது, வீட்டுக்காரர் அதைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டார். அதற்குள் இருக்கும் இடம் என்னுடையதா, அவருடையதா? டிரைவர், "என் கதவு உள்பக்கமாத் திறக்குது சார், கதவு சுத்தி வர்ற எடத்தைக் கழிக்கணும்" என்றார். கழித்தோம். கழித்துப் பார்த்தால் கட்டிலைத் தவிர அவருக்கு அறையே இல்லை. "கட்டில் என்னோட சொந்தக் கட்டில். அதுக்கு எதுக்கு சார் வாடகை?" என்றார். அளக்கிற வேலை அத்தோடு நாடாவைச் சுருட்டிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தினமும் பள்ளிக்கு வருகிற பிள்ளையும் பரீட்சைக்கு மட்டும் வருகிற பிள்ளையும் ஒன்றா? வீட்டில் அதிக நேரம் இருப்பவர் அதிகம் கொடுக்கட்டும் என்று சொல்லி, வாசல் கதவில் ஒரு வருகைப் பதிவேடு மாட்டினேன். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், எதிரே கையெழுத்து. மூன்றாம் நாள் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு டிரைவர் பத்து மணி நேரம், டெய்லர் பன்னிரண்டு, நான் இருபத்திரண்டு. வேலையை விட்டு ஓய்ந்தவன் வேறு எங்கே இருப்பான்? மொத்த வாடகையில் சரியாகப் பாதி என் தலையில். யோசனை சொன்னவன் என்பதால் வாயைத் திறக்கவும் வழியில்லை. மறுநாள் பல் தேய்த்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினேன். நூலகத்தில் ஒரே பேப்பரை விளம்பரம் உட்பட இரண்டு முறை படித்தேன். முந்தின நாள்தான் முடி வெட்டியிருந்தேன், ஆனாலும் சலூனில் போய் உட்கார்ந்தேன். "என்ன சார் வெட்டணும்?" என்று சலூன்காரர் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். பேங்க்கில் ஏசிக்கடியில் இடம் பிடித்தேன், "டோக்கன் எத்தனை சார்?" என்று கேட்டு எழுப்பிவிட்டார்கள். கால் கெஞ்சியது. கடைசியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தால், பெஞ்சில் ஏற்கெனவே டெய்லர்.

"கடைக்குப் போகலையா?"

"அரை நாள்ல சாத்தியாச்சு சார்."

"அப்ப வீட்டுக்குப் போகலாமே?"

"நீங்க முன்னாடி போங்க சார், நான் பின்னால வரேன்."

"பரவாயில்ல, காத்து நல்லா வருது."

சற்று நேரத்தில் டிரைவர் டூட்டி முடிந்து வந்து எங்களைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் மணியை அடித்தார், கதவைத் தட்டினார், "வீட்ல யாரும் இல்லையா?" என்று ஜன்னல் வழியே கூப்பிட்டார். எதிரே மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். எழுந்து போனால் கையெழுத்துப் போட வேண்டுமே. சிலிண்டர் திரும்பிப் போனது. டிரைவர்தான் முதலில் சிரித்தார். "வாடகையை அங்க குடுத்துட்டு, நாம இங்க குடியிருக்கோம் சார்."

அங்கேயே முடித்துவிட்டோம். இரண்டு பிள்ளைகள் ஒரு ரப்பருக்கு அடித்துக்கொண்டால் வகுப்பில் என்ன செய்வேன்? ஒருவனை வெட்டச் சொல்வேன், மற்றவனை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். வெட்டுகிறவன் கை தராசாகிவிடும். அதேபோல் நான் அறைகளுக்கு விலை போடுகிறேன், நீங்கள் இருவரும் முதலில் எடுங்கள், மிச்சம் எனக்கு என்றேன். வாடகை நூறு என்றால் பெரியதற்கு நாற்பத்தைந்து, நடுவுக்கு முப்பத்து மூன்று, சின்னதற்கு இருபத்திரண்டு. டிரைவர் பாய்ந்து பெரிய அறையை எடுப்பார் என்று பார்த்தால், அதே சின்ன அறையை எடுத்தார். "நாள் பூரா பெரிய பஸ்லதானே சார் இருக்கேன். சின்னதுன்னு யாராவது ஒத்துக்கிட்டா போதும்னுதான் கேட்டேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவா மூன்று வாரம் தூங்காமல் கிடந்தேன் என்று தோன்றியது. டெய்லர் வெளிச்சத்துக்காகப் பெரிய அறையை எடுத்தார், இனிமேல் கடை வாடகையும் மிச்சம், வீட்டிலேயே தைப்பாராம். எனக்குச் சுவரைப் பார்த்த ஜன்னல். ஆயுசு முழுக்கக் கரும்பலகையைப் பார்த்தவனுக்கு அது பழகிவிடும். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது, தங்கச்சி. இந்த வயதில் என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்க இரண்டு பேர் இருக்கிறார்கள், அது நிலைத்தது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகத் தூங்கி, உன் சொல்லில் பாதியாவது கேட்டு, நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும். நான் வரவில்லையே என்று வருந்தாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டெய்லரின் துணி வெட்டும் மேசை வந்து இறங்கியது. அறைகளையெல்லாம் அளந்தோமே தவிர, வாசலை அளக்கவில்லை. மூன்று விரல் அகலம் இடித்தது. "பஸ்ஸையே சந்துல திருப்பறவன் நான், விலகுங்க சார்" என்று டிரைவர் பின்னால் நின்று தள்ளினார். மேசை உள்ளே போய்விட்டது. வாசல் நிலையும் கூடப் போய்விட்டது, பக்கத்துச் சுவரும் கொஞ்சம். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். கொத்தனார் முடிக்கும்வரை இரண்டு வாரத்துக்கு உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். ஆகவே மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் அங்கே இருப்போம். மாப்பிள்ளையிடம் அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல். மேசை வராது. உன் வீட்டு வாசல் எத்தனை அடி அகலம் என்று டெய்லர் இரண்டு முறை கேட்டுவிட்டார், நான் காது கேளாதவன்போல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.